நம்ம அடுப்புக்கு பிஸ்கட் வந்த கதை



இந்த மலருக்கு ஒவ்வொரு குழுவும் தங்கள் தொழிலின் வரலாற்றை எழுதித் தர வேண்டும் என்று போன மாதக் கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். கறவை மாடு வளர்க்கிற குழுவுக்கும் பூக் கட்டுகிற குழுவுக்கும் எழுத நிறைய இருக்கிறது. எங்கள் குழு செய்வது பலாப்பழச் சுருள் பிஸ்கட். மாவைத் தேய்த்து, பழ வரட்டைத் தடவி, பாய் மாதிரி சுருட்டி, வில்லை வில்லையாக நறுக்கி வேகவைப்பது. நறுக்கிய துண்டில் பழம் சுற்றிச் சுற்றித் தெரியும். பிள்ளைகள் இதைக் காத்தாடி பிஸ்கட் என்பார்கள்.

"இதுக்கு என்னத்தா வரலாறு? நேத்து வந்த பிஸ்கட்டுதானே" என்று ஒரு அக்கா சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆனால் ராத்திரி படுத்தால் தூக்கம் வரவில்லை. என் அப்பத்தா காலத்தில் இந்த ஊரில் எந்தப் பொம்பளையும் பிஸ்கட் சுட்டதில்லை. என் அம்மாவும் சுட்டதில்லை. நான் சுடுகிறேன். நடுவில் என்னவோ நடந்திருக்கிறது இல்லையா? அதைத்தான் எழுதப் பார்க்கிறேன். நான் பத்தாவது வரை படித்தவள். தப்பு இருந்தால் பொறுத்துக் கொள்ளுங்கள்.

காய்ச்சலுக்கு வாங்கிய ரொட்டி

எங்கள் சின்ன வயசில் ரொட்டி என்பது சீக்காளிச் சாப்பாடு. வீட்டுக்கு ரொட்டி பாக்கெட் வந்தால், "யாருக்கு உடம்புக்குச் சரியில்ல?" என்றுதான் பக்கத்து வீட்டில் கேட்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போகிறவர்கள் ரொட்டியும் சாத்துக்குடியும் வாங்கிப் போவார்கள். பிஸ்கட் என்றால் டீக்கடைக் கண்ணாடி பாட்டிலில் இருக்கும் பொறைதான், வருக்கிதான். வீட்டில் செய்யலாம் என்ற நினைப்பே யாருக்கும் கிடையாது.

மாவுக்குள் இனிப்பு வைப்பது நமக்குப் புதுசு இல்லை. கொழுக்கட்டைக்குப் பூரணம் வைக்கிறோம். போளிக்கு வைக்கிறோம். சுழியம், சோமாசி எல்லாம் உள்ளே இனிப்பு வைத்ததுதான். ஆனால் பாருங்கள், கொழுக்கட்டை ஆவியில் வேகும். போளி தோசைக்கல்லில் வேகும். சுழியமும் சோமாசியும் எண்ணெயில் வேகும். நம் அடுப்பில் நெருப்பு எப்போதும் கீழேதான். பிஸ்கட்டுக்கோ கீழேயும் மேலேயும் பக்கத்திலும் ஒரே மாதிரி காய்ந்த சூடு வேண்டும். நம் சமையலறையில் இல்லாமல் இருந்தது பக்குவம் இல்லை, மேலேயிருந்து வரும் சூடுதான்.

மேலே ஒரு நெருப்பு

அந்தச் சூடு பேக்கரி அடுப்பில் இருந்தது. செங்கல்லால் குகை மாதிரி கட்டிய அடுப்பு. உள்ளேயே விறகை எரித்து, கல் நன்றாகச் சூடேறியதும் நெருப்பைத் தள்ளிவிட்டு, கதவை மூடுவார்கள். முதலில் ரொட்டி வேகும். சூடு கொஞ்சம் இறங்கியதும் பிஸ்கட். அதுவும் இறங்கிய பிறகு ரஸ்க் காயும். ஒரு தரம் மூட்டிய நெருப்பில் மூன்று வேலை. நம் வீட்டில் சோறு வடித்த பிறகு தணலில் கத்தரிக்காய் சுடுகிற மாதிரிதான்.

இந்த அடுப்பு கடல் வழியாக வந்த வெள்ளைக்காரர்களோடு நம் பக்கம் வந்தது. குஜராத்தில் சூரத் நகரத்தில் டச்சுக்காரர்கள் விட்டுப் போன அடுப்பில் பார்சிக்காரர் ஒருவர் வேலை செய்து, அதிலிருந்துதான் நான்கத்தாய் பிறந்தது என்று அந்த ஊரில் சொல்கிறார்கள். கேரளத்துத் தலச்சேரியில் மம்பள்ளி பாபு என்பவர் பர்மாவில் தொழில் கற்றுவந்து 1880-ல் ராயல் பிஸ்கட் ஃபாக்டரி தொடங்கினார். 1883-ல் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி ஒருவர் சீமையிலிருந்து வந்த கேக்கைக் காட்டி, இதே மாதிரி செய்து தரச் சொன்னாராம். பாபு உள்ளூர்ச் சரக்கை வைத்தே செய்து கொடுத்தார். 1892-ல் கல்கத்தாவில் 295 ரூபாய் முதலில் ஆரம்பித்ததுதான் இன்றைய பிரிட்டானியா. நம் கூட்டமைப்பில் ஒருவருக்குத் தரும் உள்கடனைவிட அது குறைந்த தொகை என்று நினைத்துச் சிரித்துக் கொண்டேன். அன்றைய ரூபாயின் மதிப்பு வேறு என்பது தெரியும், இருந்தாலும்!

தமிழ்நாட்டுக்குள் தூத்துக்குடியைச் சொல்ல வேண்டும். அங்கே போர்ச்சுகீசியர் வந்து இறங்கி ஐந்நூறு வருஷம் ஆகப் போகிறது. அந்த ஊர் மக்ரூனில் முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி மூன்றே பொருள்தான். முந்திரியும் போர்ச்சுகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம்தான். இன்றைக்கு ஆதனக்கோட்டை ரோட்டோரத்தில் நம் பெண்கள் புகைக்கு நடுவில் உட்கார்ந்து முந்திரி வறுத்து, உடைத்து, விற்கிறார்களே, அந்த மரத்தின் பூர்வீகம் அத்தனை தூரம். வெளியிலிருந்து வந்தது என்பதற்காக முந்திரியை யாரும் நம்முடையது இல்லை என்று சொல்வதில்லை. பிஸ்கட்டுக்கும் அதே நியாயம்தான் என்பது என் எண்ணம்.

ஆனால் ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. அந்தக் காலத்தில் ரொட்டியும் பிஸ்கட்டும் பலர் வீட்டுக்குள் வராததற்குக் காரணம் அடுப்பு மட்டும் இல்லை. மாவு புளிக்கக் கள் ஊற்றுவார்கள், முட்டை சேர்ப்பார்கள் என்பது ஒன்று. யார் கை பட்டதோ என்பது இன்னொன்று. அதற்காகவே வடக்கே "இந்து பிஸ்கட்" என்று பெயர் போட்டு, உயர்ந்த சாதிக்காரர்கள் செய்தது என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். எங்கள் குழுவில் மூன்று தெருப் பெண்கள் இருக்கிறோம். ஒரே தாம்பாளத்தில் மாவு பிசைகிறோம். ஆரம்பத்தில் ஒருத்தர் இரண்டு பேர் வாங்கத் தயங்கினார்கள். இப்போது அவர்கள் வீட்டுக் காதுகுத்துக்கே எங்களிடம் ஆர்டர் வருகிறது. இதையும் வரலாற்றில் சேர்த்துக் கொள்ளுங்கள்.

பேக்கரி டவுனில் வந்தது, பிறகு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தது, பிறகு பெரிய கிராமங்களுக்கும் வந்தது. பெங்களூரில் 1898-ல் தொடங்கிய ஐயங்கார் பேக்கரியின் பெயரைப் போட்டுக் கொண்ட போர்டுகளை இன்றைக்கு எந்த ஊரிலும் பார்க்கலாம். ஆனால் அடுப்புக்கு முன்னால் நின்றவர்கள் பெரும்பாலும் ஆண்கள்தான். வீட்டில் மூணு வேளையும் சமைப்பது பொம்பளை. காசு வருகிற அடுப்பு ஆம்பளையுடையது. இது பேக்கரிக்கு மட்டும் உள்ள கதை இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

அம்மாவின் சைக்கிள்

நம் மாவட்டத்துப் பெண்கள் வீட்டு வாசலைத் தாண்டிய கதையில் அறிவொளி இயக்கத்தை விட்டுவிட முடியாது. 1991-ல் கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அம்மா காலத்தில் அறிவொளி ஆரம்பித்தது. எழுத்தோடு சைக்கிளும் சொல்லிக் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் தெருவில் விழுந்து எழுந்து சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். என் அம்மாவும் அதில் ஒருத்தி. எனக்கு அப்போது நாலு வயசு. அம்மா கேரியரில் என்னை வைத்துக் கொண்டு சந்தைக்குப் போன ஞாபகம் லேசாக இருக்கிறது. எங்களுக்கு முதல் முதலாகக் காய்ச்சல் இல்லாமலே பன் கிடைத்தது அந்தச் சைக்கிளால்தான். பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம், அப்பாவைக் கெஞ்ச வேண்டாம். அம்மா கையில் கூலிக் காசு இருந்தது, காலில் சைக்கிள் இருந்தது. வரும் வழியில் நாலு பன் வாங்கிவிட்டாள்.

அறிவொளியில் சேர்ந்த பழக்கம்தான் பிறகு நம்மைக் குழுவாக உட்காரவும் வைத்தது. தர்மபுரியில் 1989-ல் தொடங்கிய மகளிர் குழுத் திட்டம் எல்லா மாவட்டத்துக்கும் வந்ததை நான் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் எல்லோரும் அதில் இருந்தவர்கள்தான்.

டப்பாவில் வந்த சுருள்

எனக்கு 2008-ல் கல்யாணம் ஆகி, கீரமங்கலம் பக்கம் வந்து சேர்ந்தேன். எங்கே பார்த்தாலும் பூ, பலா, தென்னை. ஆலங்குடி, வடகாடு, மாங்காடு, கொத்தமங்கலம் என்று இந்தச் செம்மண் பூமி முழுக்கப் பலா. சித்திரை, வைகாசியில் ஊரே மணக்கும். என் மாமியார் வீட்டில் கிணற்றடியில் ஒரு கிழட்டுப் பலா நின்றது. அத்தையின் மாமனார் நட்டது.

இந்தப் பக்கம் வீட்டுக்கு ஒருத்தர் சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்று போயிருப்பார்கள். எங்கள் சின்ன மாமனார் மகள் சிங்கப்பூரில் இருக்கிறார். 2013-ல் ஊருக்கு வரும்போது ஒரு டப்பா கொண்டுவந்தார். உள்ளே விரல் மாதிரி சுருட்டிய பிஸ்கட். கடித்தால் நடுவில் அன்னாசிப்பழ ஜாம். அங்கே சீனப் புத்தாண்டு, பெருநாள், தீபாவளி என்று யார் பண்டிகையிலும் இது இருக்குமாம். அங்குள்ள நம் தமிழ்ப் பெண்களும் தீபாவளிக்கு முறுக்கோடு சேர்த்து இதை வீட்டிலேயே சுடுவார்களாம்.

அத்தை ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, "என்னத்தா இது, கொழுக்கட்டையச் சுட்டு வச்சிருக்காக" என்றார்கள். எல்லோரும் சிரித்தோம். எனக்கு அது சிரிப்போடு போகவில்லை. உள்ளே அன்னாசி இருக்கலாம் என்றால் பலா ஏன் இருக்கக் கூடாது?

பிறகுதான் இந்த மாதிரிப் பழம் வைத்த பிஸ்கட் உலகம் முழுக்க இருப்பது தெரிந்தது. அரபு நாட்டில் பேரீச்சம்பழம் வைத்து மாமூல் செய்கிறார்கள். பின்லாந்து நாட்டில் கிறிஸ்துமஸுக்கு மாவைச் சதுரமாக வெட்டி, நாலு மூலையையும் கீறி மடித்து, நிஜக் காத்தாடி வடிவத்திலேயே செய்து நடுவில் பழ ஜாம் வைக்கிறார்கள். நாங்கள் செய்கிற மாதிரி சுருட்டி நறுக்குவது அமெரிக்க வீடுகளில் சுமார் நூறு வருஷத்துக்கு முன்னால் பரவியது. அதற்குக் காரணம் ஐஸ் பெட்டி. வெண்ணெய் சேர்த்த மாவு இளகிப் போனால் சுருள் நறுக்க வராது, நசுங்கும். குளிரில் இறுகினால் அழகாக நறுக்கலாம். அங்கேயும் வீட்டுக்கு ஒரு சாமான் வந்த பிறகுதான் அந்தப் பலகாரம் வந்திருக்கிறது.

நாலு சாமான்

நம் வீட்டுக்கு வந்த சாமான்களையும் எண்ணிப் பாருங்கள்.

முதலாவது கேஸ் அடுப்பு. 2006-க்குப் பிறகு அரசு இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது, பிறகு மத்திய அரசுத் திட்டத்திலும் வந்தது. விறகு அடுப்பில் ஊதிக் கொண்டே இருந்தால்தான் எரியும். பிஸ்கட்டுக்கு அரை மணி நேரம் ஒரே சீரான சின்னத் தீ வேண்டும். அதை விறகில் கொண்டுவருவது கஷ்டம்.

இரண்டாவது மிக்சி. 2011-ல் தொடங்கிய திட்டத்தில் கிரைண்டரும் ஃபேனும் மிக்சியும் குடும்ப அட்டைக்குக் கிடைத்தது. பிஸ்கட்டுக்குச் சர்க்கரை மாவாக வேண்டும். உரலில் இடித்தால் அத்தனை மையாக வராது.

மூன்றாவது ஃபிரிட்ஜ். இது இலவசமாக வரவில்லை. குழுக் கடனில் பழைய ஃபிரிட்ஜ் ஒன்றை வாங்கினோம்.

நாலாவது அந்தக் கடன்தான். அதுவும் ஒரு சாமான் என்றே சொல்வேன். வட்டிக்காரரிடம் வாங்கிப் பிஸ்கட் சுடுகிறேன் என்றால் எந்தப் புருஷனும் சம்மதிக்க மாட்டார். பத்துப் பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததால் எனக்குத் தைரியம் வந்தது.

அடுப்பும் மிக்சியும் அரசு கொடுத்தது, ஃபிரிட்ஜும் கடனும் நம் சேமிப்பு கொடுத்தது. இந்த நாலும் கைக்கு வந்ததால்தான் பிஸ்கட் வீட்டுக்கு வந்தது. எனக்கு மட்டும் திடீரென்று திறமை முளைத்துவிடவில்லை.

ஓவன் வாங்கக் காசு இல்லை. கிறிஸ்தவ வீடுகளில் அந்தக் காலத்தில் கேக் செய்த வழியை, பயிற்சி கொடுக்க வந்த அம்மா சொல்லித் தந்தார். பெரிய பாத்திரத்தில் மணல் போட்டுச் சூடாக்கி, கேக் தட்டை உள்ளே வைத்து, மூடி மேல் கரித் தணலைக் கொட்டுவார்களாம். பிரியாணிக்குத் தம் போடுவதும் அப்படித்தானே! மேல் நெருப்பு நமக்கு முழுக்கத் தெரியாதது இல்லை.

செய்யும் விதம்

புதிதாகச் செய்ய நினைக்கிற சகோதரிகளுக்காகக் கணக்கைச் சொல்கிறேன்.

வரட்டு: கொட்டை எடுத்த பலாச்சுளை 300 கிராம். ஆவியில் வேகவைத்து மிக்சியில் அரைத்து, 100 கிராம் வெல்லப் பாகில் போட்டு, ஒரு மேசைக்கரண்டி நெய் விட்டுக் கிளறவும். ஏலக்காய், ஒரு சிட்டிகை சுக்குத்தூள். கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் விழக் கூடாது. அதுதான் பதம். நன்றாக ஆறவிட்டு, பொடித்த முந்திரி ஒரு பிடி சேர்க்கவும்.

மாவு: மைதா 250 கிராம், வெண்ணெய் 125 கிராம், பொடித்த சர்க்கரை 100 கிராம், பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. வெண்ணெயும் சர்க்கரையும் வெளுக்கும் வரை குழைத்து, மற்றதைச் சேர்த்து, இரண்டு மூன்று ஸ்பூன் பால் தெளித்துச் சேர்த்துப் பிடிக்கவும். சப்பாத்தி மாதிரி அடித்துப் பிசையக் கூடாது. பிசைந்தால் பிஸ்கட் கடிக்க வராது.

இரண்டு பாலித்தீன் தாளுக்கு நடுவில் மாவை வைத்து, சப்பாத்தியைவிடக் கொஞ்சம் கனமாக நீள சதுரத்தில் தேய்க்கவும். வரட்டை மெல்லிசாகத் தடவி, ஓரத்தில் ஒரு விரல் இடம் விட்டு, இறுக்கமாகச் சுருட்டவும். ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைக்கவும். கத்தியைவிட நூல் நல்லது. சுருளுக்கு அடியில் நூலைக் கொடுத்து, மேலே மாற்றிப் பிடித்து இழுத்தால் நசுங்காமல் அறுபடும். அரை விரல் கனம் போதும்.

கனமான தேக்சாவில் ஒரு அங்குல உயரத்துக்குக் கழுவிக் காய்ந்த மணலோ கல் உப்போ போட்டு, உள்ளே ஒரு ஸ்டாண்டு வைத்து, மூடிப் பத்து நிமிஷம் சூடாக்கவும். குக்கரில் செய்கிறவர்கள் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட வேண்டும், மறக்கக் கூடாது. நெய் தடவிய தட்டில் இடைவெளி விட்டு அடுக்கி, உள்ளே வைத்துச் சின்னத் தீயில் 20 முதல் 25 நிமிஷம். அடிப்பக்கம் பொன்னிறமானால் எடுத்துவிடலாம். சூட்டில் மெத்தென்று இருக்கும், ஆறினால் மொறுமொறுப்பு வரும்.

பூசணம் பிடித்த நாற்பது பாக்கெட்

2016-ல் குழுவாக விற்க ஆரம்பித்தோம். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்தோம். சின்னத் தொழிலுக்கு அப்போது ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணம், பதினாலு இலக்க நம்பர் கொடுப்பார்கள், அதைப் பாக்கெட்டில் அச்சடிக்க வேண்டும். எங்கள் பெயர் போட்ட பாக்கெட்டை முதல் நாள் பார்த்தபோது அழுகை வந்துவிட்டது.

அடுத்த வருஷ ஆடியில் ஒரு கடைக்கு நாற்பது பாக்கெட் கொடுத்தோம். ஒரே வாரத்தில் அத்தனையும் திரும்பி வந்தது. உள்ளே பச்சையாகப் பூசணம். கடைக்காரர் பிள்ளைகள் முன்னால் வைத்துத் திட்டினார். அவரைக் குறை சொல்ல முடியாது, தப்பு எங்களுடையது. மழைச் சாரல் நாளில் அவசரப்பட்டு வரட்டைச் சரியாகச் சுண்ட விடாமல் இறக்கிவிட்டோம். பழத்தில் தண்ணீர் நின்றால் மாவு நமுத்துப் போகும், பூசணமும் வரும்.

அன்றைக்குக் கூட்டத்தில் பெரிய சண்டை. கடன் தவணை கட்டக் காசு இல்லை. "வீட்டுல கெடக்குறவளுக்குப் பேக்கரி எதுக்குன்னு என் வீட்டுக்காரரு கேக்குறாரு" என்று ஒருத்தி அழுதாள். இரண்டு பேர் விலகிக் கொண்டார்கள். நானும் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன்.

அத்தைதான் மறுநாள் காலையில் உருளியை எடுத்து அடுப்பில் வைத்தார்கள். "அச்சுவெல்லம் எவ்வளவு, சொல்லு" என்றார்கள். ஒரு மணி நேரம் நின்று கிளறினார்கள். கரண்டியைக் கவிழ்த்துக் காட்டினார்கள். "இது விழுகுற வரைக்கும் எறக்காத. நீங்க கடியாரத்தப் பாத்து எறக்குனிய, நான் கரண்டியப் பாத்து எறக்குவேன்." நான் மேலே எழுதிய பதம் அத்தையுடையது. பயிற்சி வகுப்பில் தந்த தாளில் அது இல்லை. அதற்குப் பிறகு எங்கள் பிஸ்கட் காற்றுப் புகாத டப்பாவில் பத்து நாள் தாங்குகிறது. ஒரு பாக்கெட் கூடத் திரும்பி வந்ததில்லை.

கஜா

2018 நவம்பர் 16 விடிகாலையை நான் எழுதித்தான் நீங்கள் தெரிந்து கொள்ள வேண்டும் என்பதில்லை. ராத்திரி முழுக்க மரம் முறிகிற சத்தம். விடிந்து பார்த்தால் ஊருக்கே கூரை இல்லாத மாதிரி வெளிச்சம். தென்னை, தேக்கு, முந்திரி, பலா எல்லாம் சாய்ந்து கிடந்தது. எங்கள் கிணற்றடிப் பலா வேரோடு புரண்டிருந்தது. அத்தை அதன் மேல் கையை வைத்துக் கொண்டு ரொம்ப நேரம் நின்றார்கள். ஒன்றும் பேசவில்லை.

பல நாள் கரண்ட் இல்லை. ஃபிரிட்ஜ் வெறும் அலமாரி ஆனது. பலா மரம் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் ஆகிற உயர்ந்த மரம். தஞ்சாவூர் வீணை பலாவில்தான் செய்கிறார்கள். ஆனால் ஊர் முழுக்க விழுந்து கிடந்தபோது கேட்ட விலைக்குத்தான் தள்ள வேண்டியிருந்தது.

அடுத்த சித்திரையில் பழம் இல்லை. அந்த வருஷம்தான் துபாயிலிருந்து வந்த பேரீச்சம்பழத்தை வைத்துச் சுட்டோம். பிறகு கொய்யா, பிறகு வாழைப்பழம். எங்கள் பட்டியலில் இன்றைக்கு நாலு வகை இருக்கிறதே, அதை ஆசைப்பட்டுப் பெருக்கவில்லை. மரம் விழுந்ததால் வந்தது.

குத்தகைக்கு விடாத மரம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து எழுதுகிறேன். கஜாவுக்கு முன்னால் எங்கள் வீட்டு மரங்களில் பிஞ்சு பிடித்ததுமே வியாபாரிக்குக் குத்தகை பேசிவிடுவார்கள். பேசுவது ஆண்கள், காசு வாங்குவதும் அவர்கள்தான். பழம் நிறைய வரும் மாதத்தில் விலை அடிமட்டத்துக்குப் போகும். எங்கள் குழுவோ பிஸ்கட்டுக்குப் பழத்தைக் கமிஷன் கடையில் காசு கொடுத்து வாங்கும். ஒரு தரம் அங்கே வாங்கி வந்த பழத்தை அரிந்து சுளையை வாயில் போட்ட அத்தை, "இது நம்ம கெணத்தடி மரத்துப் பழம்டி" என்றார்கள். எங்கள் பழத்தையே நாங்கள் விலைக்கு வாங்கியிருக்கிறோம்!

அடுப்பு, மிக்சி, ஃபிரிட்ஜ், கடன் நாலும் நம் கைக்கு வந்தது என்று எழுதினேன். மரம் வரவில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

2019-ல் கிணற்றடியில் அதே குழிக்குப் பக்கத்தில் ஒட்டுப் பலாக் கன்று ஒன்று வைத்தோம். வைத்த அன்றைக்கே அத்தை என் வீட்டுக்காரரையும் கொழுந்தனாரையும் கூப்பிட்டு, "இந்த ஒரு மரம் குத்தகைக்குக் கெடையாது. இது பிஸ்கட்டு மரம். மருமகளுக்கு" என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. எந்தப் பத்திரத்திலும் இது எழுதப்படவில்லை. ஆனால் அத்தை சொன்ன சொல்லை இன்று வரை யாரும் மீறவில்லை.

போன வருஷம் அந்த மரத்தில் ஐந்து காய் தங்கியது. முதல் பழத்தைச் சாமிக்கு வைத்தோம், இரண்டாவதை உறவுக்குக் கொடுத்தோம், மூன்றில் பிஸ்கட் சுட்டோம். கமிஷன் கடைக்குப் போகாமல் சுட்ட முதல் பிஸ்கட் அதுதான். அத்தைக்குப் பல் போய்விட்டது. பாலில் நனைத்துக் கொடுத்தேன். "சுண்டுனது போதும்" என்றார்கள். அதைவிட எனக்குப் பெரிய பாராட்டு கிடையாது.

சகோதரிகளே, நம் கூட்டமைப்பில் பலாவும் முந்திரியும் இருக்கிற வீடுகள் எத்தனையோ இருக்கின்றன. வீட்டுக்கு ஒரு மரம், குத்தகைக்கு விடாத மரம், பெண்கள் கையில் இருக்கட்டும் என்று அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடலாமா? மரம் வேண்டாம் என்றால் ஒரு கிளையாவது கேட்டு வாங்குங்கள். மாவு பிசையவும் வரட்டுக் கிளறவும் நான் வந்து சொல்லித் தருகிறேன். கரண்டியைக் கவிழ்த்துப் பார்க்க மட்டும் மறக்காதீர்கள்.